சாப்பிடுவதும் போடுவதும்

என் அக்கா அகஸ்டினாவின் புருஷன் பிரகாசம், புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். பிரெஞ்சுக்கார டாக்டர் கேட்பதைத் தமிழில் நோயாளியிடம் கேட்க வேண்டும். நோயாளி சொல்வதைப் பிரெஞ்சில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் அவர் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தால், இரண்டு ராஜ்ஜியங்களுக்கு நடுவே சமாதானம் பேசி முடித்துவிட்டு வருகிறவர் என்றுதான் நினைப்பீர்கள். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, தக்கைத் தொப்பி. அந்தக் கோட்டுகளைத் தைத்தவன் நான். நெல்லித்தோப்பில் எனக்குத் தையல் கடை. ஒவ்வொரு கோட்டையும் கழுத்துப் பட்டி உயரம் சரியில்லை என்று ஒரு முறையாவது திருப்பி அனுப்புவார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனுஷர் கெட்டவர் இல்லை. தன் பிரெஞ்சின் மேல் அவருக்கு இருந்த மோகம்தான் கொஞ்சம் அதிகம். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கான தமிழ் வார்த்தை அவர் நாக்கு நுனியில் தயாராக நிற்கும். தேடமாட்டார், தடுமாறமாட்டார்.

"நடுவுல நான்னு ஒரு ஆளே இல்ல அலெக்சு. அவங்க ரெண்டு பேருதான் பேசிக்கிறாங்க" என்பார்.

ஆளே இல்லாதவருக்கு எதற்கு இத்தனை கஞ்சி போட்ட கோட்டு என்று கேட்க வாய்வரை வரும். அக்கா புருஷன் என்பதால் விழுங்கிவிடுவேன்.

அக்கா வேறு மாதிரி. சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகச் சண்டை போடுவாள், கருவாட்டுக் குழம்பு வைத்தால் தெருமுனை வரைக்கும் சேதி போகும். மாமாவின் பிரெஞ்சு அவள் காதில் விழுந்ததே தவிர வாய்க்கு வரவில்லை. அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை; பிறந்த ஒன்றும் காய்ச்சலில் போய்விட்டது. அந்தப் பிள்ளையைச் சுமந்திருந்தபோது அக்காவுக்குப் பல்வலி வந்து துடித்தாள். யாரோ சொன்னார்கள் என்று வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். பல்வலி போனது, பிள்ளையும் போனது, புகையிலை மட்டும் போகவில்லை. இடது கன்னத்தில் எப்போதும் ஒரு சின்ன மேடு தெரியும். பேச வேண்டுமென்றால் நாக்கால் அதை ஒதுக்கிக்கொண்டு பேசுவாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தான். அதனால் அதை ஒரு பழக்கம் என்றுகூட யாரும் எண்ணியதில்லை.

முப்பத்தாறில் மில் தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அதற்கு முந்தைய வருஷம், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். வயது குறைவு. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராத ரகம். வந்த கொஞ்ச நாளிலேயே அவர் கண்ணில் ஒன்று பட்டது. வாயில் புற்று என்று வருகிறவர்கள் இங்கே அதிகம். அவர் ஊரில் உதட்டிலும் நாக்கிலும் அந்த நோயைப் பார்த்திருக்கிறார். இங்கே கன்னத்தின் உள்பக்கத்தில் வருகிறது. ஏன் என்று யோசித்தார். சாப்பாட்டுக்கும் புற்றுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அப்போது அவருடைய சீமையில் சிலர் எழுதிக்கொண்டிருந்தார்களாம். அந்த நினைப்பு அவர் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. வந்த பிறகு அறுப்பது இருக்கட்டும், வராமலே தடுக்க வழி உண்டா என்று பார்ப்போம் என்றார். நல்ல எண்ணம்தான். அதில் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

அன்றிலிருந்து வாய்ப்புற்றோடு வந்த ஒவ்வொருவரிடமும் டாக்டர் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். நடுவில் மாமா. "அன்னாடம் என்னென்ன சாப்புடுவீங்க?" என்று மாமா கேட்பார். டாக்டர் கேட்டதும் அதுதான். ஒரு எழுத்துக் கூடக் குறைய இல்லை.

அரியாங்குப்பத்திலிருந்து அஞ்சலாட்சி என்று ஒரு பெண்பிள்ளை வந்திருந்தாள். நடவு, களையெடுப்பு என்று பிழைக்கிறவள். ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற முசியேவைச் சேர்த்து அவள் சொன்னாள்: "கூழுதான் முசியே. இல்லன்னா பழைய சோறு. தொட்டுக்க கருவாடு, பச்சமொளகா. நல்ல நாள்ல புளிக்கொழம்பு."

கருவாட்டுக்கு மாமா "உப்பிட்டு உலர்த்திய மீன்" என்று அழகாகப் பிரெஞ்சு சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். அடுத்து வந்தவரும் கருவாடு என்றார். அதற்கடுத்தவரும் கருவாடு என்றார். கடலோரத்து ஏழை ஜனங்களிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? டாக்டரோ அந்த வார்த்தைகளின் கீழே அழுத்திக் கோடு போட்டார். கருவாடு, மிளகாய், புளி. பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டருக்குக் கண் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தவர்களுக்கெல்லாம் பல் சிவந்திருப்பதைப் பார்த்து, ஆரம்பத்திலேயே மாமாவிடம் இது என்ன என்று கேட்டிருக்கிறார். வெற்றிலை, ஒரு பச்சை இலை, சாப்பிட்டது செரிக்கப் போடுவது என்று மாமா சொன்னார். சொன்னது பொய் இல்லை. வெற்றிலை போடுவது என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் அடங்கிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்குப் போனபோது இலை மட்டும் போய்ச் சேர்ந்தது. பச்சை இலை உடம்புக்கு நல்லதுதானே என்று டாக்டர் அதை அதோடு விட்டுவிட்டார்.

அப்புறம் டாக்டர் நோயாளிகளுக்கு ஒரு சாப்பாட்டு முறை வகுத்தார். அவர் சொன்ன வார்த்தை ரெஜீம். மாமா கண் இமைக்காமல் அதைப் "பத்தியம்" என்றார். நம் ஜனங்களுக்குப் பத்தியம் இருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? டாக்டர் கருவாட்டையும் மிளகாயையும் விடு, பாலும் முட்டையும் பழமும் சாப்பிடு என்று சொன்னால், ஜனங்கள் விடச் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பாலுக்கும் முட்டைக்கும் எங்கே போவது? உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டுப் பத்தியம் காத்தோம் என்று நிம்மதியாக இருந்தார்கள். எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வரும் கருவாட்டுக்காரி கொளஞ்சிதான் பாவம், வெள்ளைக்காரன் கருவாட்டுக்கு என்னா பகை வச்சிருக்கான் என்று வாசலில் நின்று புலம்பிவிட்டுப் போவாள்.

நாட்டு மருந்தையும் டாக்டர் தள்ளிவைக்கவில்லை. நோயாளிகள் முதலில் போய்ப் பார்த்தது ரெட்டியார்பாளையம் நாராயணசாமி வைத்தியரை என்று தெரிந்ததும், மாமாவை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார். இதை மாமா பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் அது பெரிய நாள். வைத்தியர் வாயில் இருந்ததை எச்சில் பணிக்கத்தில் துப்பிவிட்டு நிதானமாகப் பேசினாராம். "வலி கொறையும், புண்ணு நாத்தம் அடங்கும், ரெண்டு வாய் சோறு எறங்கும். அதுவரைக்கும் எங்கிட்ட மருந்து இருக்கு. வேரோட எடுக்குற வித்த எங்கிட்ட இல்ல. முத்திப்போனா அது ஒங்ககிட்டயும் இல்ல" என்றார். டாக்டர் சிரித்து ஒத்துக்கொண்டார். உங்கள் மருந்துக்குப் பத்தியம் என்ன என்று கேட்டபோது, கருவாடு, மிளகாய், புளி மூன்றையும் வைத்தியர் தானாகவே சொன்னார். டாக்டர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினாராம்.

"ரெண்டு சாஸ்திரம் அலெக்சு. ரெண்டும் ஒரே பேச்சு பேசுது. அது என் வாய் வழியா நடந்தது" என்றார் மாமா. அன்றைக்கு அவர் கழுத்துப் பட்டி உண்மையாகவே உயரம் போதவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அக்கா வாயில் எரிச்சல் என்றாள். இடது கன்னத்துக்குள் வெள்ளையாகத் தடித்து, நடுவில் சின்னதாக ஒரு புண். மாமா விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவர் பார்க்காத புண்ணா? அழைத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, ரெஜீம் இருக்கட்டும், கவனித்து வருவோம் என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டில் கருவாடு நுழையவில்லை. மிளகாய் நுழையவில்லை. புளிப்பானை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டது. அவள் சாப்பிட முடியாததை நானும் தொடமாட்டேன் என்று மாமாவும் அதே கஞ்சியைக் குடித்தார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. முட்டையும் பாலும் வாங்கி வந்து வைத்தார். காரம் இல்லாத முட்டை கவுச்சி அடிக்கிறது, பால் குமட்டுகிறது என்று அக்கா முக்கால்வாசி நாள் ஒதுக்கிவிட்டாள். சிரிப்புக் குறைந்தது. ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆனது. நான்தான் பிரித்துச் சிறிதாக்கித் தைத்துக் கொடுத்தேன்.

"வாய் சப்புனு கெடக்குது அலெக்சு. சோத்த வாயில வச்சா வைக்கோல மெல்லுற மாதிரி இருக்கு. இது ஒண்ணு இருக்கறதாலதான் ஓடுது" என்று வெற்றிலைப் பெட்டியைத் தட்டிக்காட்டுவாள். முன்னெல்லாம் சாப்பிட்ட பிறகு போடுவாள். இப்போது சாப்பாட்டுக்குப் பதிலாகவே போட்டாள். தூங்கும்போதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தூங்கினாள். புண்ணின் எரிச்சலை அது மரத்துப்போகச் செய்தது. அதனால் அதை மருந்து என்றே நம்பினாள்.

மாமா பார்த்தார். இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறாளே என்று அவருக்கு மனசு இளகிப்போனது. பெரிய கடைத்தெருவில் தேடித் தேடி, உசத்தி யாழ்ப்பாணப் புகையிலை வாங்கி வந்தார். வாரம் தவறாமல் வாங்கி வந்தார். பூ வாங்கத் தெரியாத மனுஷர், புடவை எடுக்கப் போனால் கடைக்காரன் தலையில் கட்டியதை வாங்கி வருகிறவர். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து அவராகத் தேடி வாங்கி வந்த பொருள் அது ஒன்றுதான். அக்கா அதை முகர்ந்து பார்த்துச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புண் ஆறவில்லை. பத்தியத்தில் எங்கோ பிசகு என்று மாமா உப்பையும் குறைத்தார்.

கோடை தொடங்கியபோது வில்லியனூரிலிருந்து ராஜாம்பாள் என்ற அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கன்னத்தில் புற்று முற்றியிருந்தது. என்ன சாப்பிடுவீர்கள் என்று வழக்கம்போல மாமா கேட்டார்.

"நாங்க சுத்த சைவம். கவுச்சி எங்க வீட்டு வாசப்படி ஏறாது. எனக்கு வயித்துவலி, அதனால காரமும் ஆவாது. மோருஞ்சோறுதான்" என்றார் அந்த அம்மாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். கருவாடு இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை. பிறகு எப்படி வந்தது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேறு எதையும் வாயில் போடுவதே இல்லையா என்று சலிப்போடு கேட்டார். அது ஒரு கேள்வியே இல்லை, அலுப்பில் வந்த பேச்சு. மாமா அதையும் அப்படியே தமிழாக்கினார்: "வேற எதுவுமே வாயில போடறதில்லியா?"

"வெத்தல பொகயில போடுவேன். அது எல்லாரும் போடறதுதான்" என்றார் ராஜாம்பாள். "ராவு பகலா இந்தப் பக்கந்தான் அடக்கியிருப்பேன்" என்று வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

மாமா உடனே மொழிபெயர்க்கவில்லை. அவர் உத்தியோகத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை என்று பின்னால் என்னிடம் சொன்னார். இத்தனை மாதமாகச் சாப்பிடுவதைக் கேட்டோம், சாப்பிடுவதைச் சொன்னார்கள். வெற்றிலையையும் புகையிலையையும் யார் சாப்பிடுகிறார்கள்? அதைப் போடுகிறார்கள். தமிழ் பேசுகிற எவரும் கேட்ட கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லவில்லை. டாக்டர் என்ன என்று இரண்டு முறை கேட்ட பிறகு மாமா எல்லாவற்றையும் சொன்னார். இலைக்குள் என்னென்ன இருக்கிறது என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். வார்டில் படுத்திருந்த மற்றவர்களிடம் இரண்டு பேரும் போய் என்ன போடுவீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவரும் எந்தக் கன்னம் என்பதைக்கூடச் சொன்னார்கள். நோய் இருந்ததும் அதே கன்னம்.

தைத்த கோட்டை எடுத்துக்கொண்டு நான் அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நடுப்பகலில் மாமா வந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றாமலே அக்கா முன்னால் நின்றார்.

"துப்பு."

"என்னாங்க?"

"வாயில இருக்கறத துப்புன்னு சொல்றேன்."

அக்கா எழுந்து போய் முற்றத்தில் துப்பிவிட்டு வந்தாள். அவர் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினார்.

"பொகயிலயும் பத்தியமா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "ஆமா. பத்தியம்" என்றார்.

சரி என்று உள்ளே போய்விட்டாள். வாதாடவில்லை. வாதாடாமல் அவள் எதையாவது விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரிந்து அப்போதுதான். மாமாவைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் என்ன நடந்தது என்று கேட்டேன். சொன்னார். யாழ்ப்பாணப் புகையிலையையும் சேர்த்துச் சொன்னார்.

"இத அவகிட்ட சொல்லலியே நீங்க?"

"எப்படிடா சொல்றது?"

"ஒங்களுக்குத் தெரியாத வார்த்தையா? எத்தன பேரு வாயில பேசியிருக்கீங்க. ஒங்க வாயில ஒரு தடவ பேசுங்க" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய்விட்டார்.

இரண்டொரு நாளில் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் கன்னத்தைப் பார்த்தார், கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். கழுத்தில் கட்டி இல்லை, அது நல்லது என்றார். கன்னத்தை உள்ளும் புறமுமாக அறுத்து எடுக்க வேண்டும், முகம் கோணிப்போகும், பேச்சுத் தெளிவாக வராது. பிழைக்க வழி இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது. உடம்பு இவ்வளவு மெலிந்திருப்பதால் கத்தியைத் தாங்குமா என்பதும் சந்தேகம். இவளுக்குச் சம்மதமா என்று கேட்கச் சொன்னார். உங்களால் முடியாவிட்டால் பிரெஞ்சும் தமிழும் தெரிந்த கன்னியாஸ்திரீயைக் கூப்பிடுகிறேன் என்றும் மாமாவிடம் சொன்னார். வேண்டாம், நானே கேட்கிறேன் என்றார் மாமா. ஒன்று விடாமல் கேட்டார்.

அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்கு என்னா தெரியும்? இவரு சொல்றதுதான். பத்தியம் இருன்னாரு, இருந்தேன். பொகயில வேணாம்னாரு, உட்டுட்டேன். அறுத்துக்கன்னா அறுத்துக்கறேன்."

டாக்டர் பதிலுக்காக மாமா முகத்தைப் பார்த்தார். மாமா அதைப் பிரெஞ்சாக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். கட்டில் விளிம்பில், அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பிறகு தமிழில் அக்காவிடம் பேச ஆரம்பித்தார். பத்தியத்தால் பிரயோசனம் இல்லை என்றார். கருவாட்டின் மேல் குற்றம் இல்லை என்றார். புகையிலையால்தான் இது வந்திருக்கிறது என்று டாக்டர் இப்போது நினைக்கிறார், தானும் அப்படித்தான் நினைப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் அதைத் தேடி வாங்கி வந்து உன் கையில் கொடுத்தவன் நான் என்றார்.

அக்கா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது. இப்பதான் தெரிஞ்சுக்கறாரு."

"அறுத்தா பொழைப்பனா?"

"அதுவும் தெரியாது அகஸ்டினா."

அவர் வாயிலிருந்து தெரியாது என்ற வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்றாள். நாங்கள் தாழ்வாரத்தில் நின்றோம். டாக்டருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும், அவரும் எங்களோடு வந்து நின்றார். கடைசியில் அக்கா கூப்பிட்டது என்னைத்தான்.

"அலெக்சு, டாக்டர வரச் சொல்லு."

டாக்டர் உள்ளே வந்தார், பின்னாலேயே மாமா வந்தார். அக்கா மாமாவைப் பார்க்கவில்லை. டாக்டரை நேராகப் பார்த்து "உய், முசியே" என்றாள். அத்தனை வருஷம் காதில் விழுந்த பிரெஞ்சிலிருந்து அந்த ஆமாம் என்ற வார்த்தையை அவள் வைத்திருந்திருக்கிறாள். மாமா மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை.

அறுப்பதற்கு முன் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பால், முட்டை, மீன், பழம், எது உள்ளே இறங்குகிறதோ அது. இதற்கும் அவர் சொன்ன வார்த்தை ரெஜீம்தான். மாமா அக்காவிடம், "ஒனக்கு எது புடிக்குதோ அத நல்லா சாப்புடணும்னு சொல்றாரு" என்றார். நான் வேளைக்கு ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புண் எரிச்சலுக்கு நாராயணசாமி வைத்தியர் ஒரு பட்டைக் கஷாயம் காய்ச்சி அனுப்பினார்; என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொப்பளிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். வலிக்குக் கேட்டது. அந்த மட்டுக்கும் வைத்தியர் சொன்னது சரி.

அந்த நாட்களில் அக்கா மாமாவோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. தண்ணீர் வேண்டும் என்றாள், தலையணையைத் தூக்கி வை என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரார் பேச்சையெல்லாம் இரண்டு பாஷையில் பேசிவிட்டு வந்து, அவள் கட்டில் பக்கத்தில் ஊமையாக உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அறுத்தார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். நான் தையல்காரன், கதைசொல்லி இல்லை. உங்களைத் தவிக்கவிட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? கோணின முகத்தோடு அதற்கப்புறம் பல வருஷம் இருந்தாள், சண்டையும் போட்டாள். நான் சொல்ல வந்தது, கட்டுப் பிரிப்பதற்கு முந்தி நடந்த ஒன்றை.

டாக்டர் தன் விசாரணையை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கினார். பழையதைக் கிழித்துப் போட்டார். இந்த முறை கேள்விகளைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று மாமாவோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தார். முதல் ஆளாக யாரைக் கேட்பது என்றபோது, என் மனைவியைக் கேளுங்கள் என்றார் மாமா. டாக்டர் தயங்கினார். மாமா விடவில்லை.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளி எனக்கு வலிக்கிறது என்றால், அவளுக்கு வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். எனக்கு வலிக்கிறது என்றே பிரெஞ்சில் சொல்வார்கள். மாமா வாயில் நான் என்றால் அது நோயாளி. அன்றைக்கும் அப்படித்தான் செய்தார். அக்காவுக்கு முகம் முழுக்கக் கட்டு. பேச முடியாது, தலையும் கையும்தான் பேசின. என்ன போடுவீர்கள் என்று கேட்டார். அவள் கை காட்டியதைப் பார்த்து, நான் வெற்றிலையும் புகையிலையும் போடுவேன் என்று பிரெஞ்சில் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டார். என் இடது கன்னத்தில் வைப்பேன் என்றார். குரல் கெட்டியாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் தமிழில் எனக்கும் மெல்லச் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன் என்பதால்.

அடுத்த கேள்வி, புகையிலையை யார் வாங்கித் தருவார்கள் என்பது. ஜனங்களுக்கு எந்தப் புகையிலை எங்கிருந்து கிடைக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக டாக்டர் வைத்த கேள்வி. மாமா அதைத் தாண்டிப் போயிருக்கலாம். டாக்டரே அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். மாமா தாண்டவில்லை, அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா போர்வையிலிருந்து கையை எடுத்து, விரலை நீட்டி அவரைக் காட்டினாள்.

"என் கணவர்" என்றார் மாமா பிரெஞ்சில். அப்புறம், "என் மேல் அவருக்கு இருந்த பிரியத்தால் வாங்கித் தந்தார்" என்றும் சொல்லிவிட்டு, அது அவள் சொல்லாதது என்று உணர்ந்தவர் போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். என்னிடம் அதையும் மறைக்காமல் தமிழில் சொன்னார். அக்கா காதிலும் அது விழுந்தது.

டாக்டர், இதை நோயாளி சொன்னாரா என்று கேட்டார். அதை மாமா தமிழாக்கவில்லை, அக்காவுக்கே புரிந்திருக்க வேண்டும். அக்கா நீட்டிய கையால் அவர் கோட்டுக் கையைப் பற்றி இழுத்தாள். கட்டுப்போட்ட தலையை டாக்டரைப் பார்த்து ஆட்டினாள், ஆமாம் என்று. வலித்திருக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.